பூச்சியம் கிராம்

முதுகில் செய்த சத்திரசிகிச்சை வெற்றி என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு செல்வராசா நித்திரை கொள்ளவில்லை. படுத்தால் இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை சூடான கம்பி ஒன்று இறங்கும். எழுந்து நடந்தால் குறையும். இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்தார். கீழ்வீட்டுக்காரர் அவருடைய நடைக்கு எதிராகக் கடிதம் போட்டார்.

பகலில் வேலை. ஹம்பேர்க் மருத்துவமனைகளின் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலையில், ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு நாள் கண் சொருகியது. சட்டைக் கை உருளைக்குள் போய், சட்டையோடு நின்றது. இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்கு அனுப்புவதாக மேற்பார்வையாளர் சொன்னார். அடுத்த முறையும் சட்டையோடு நிற்குமா என்று அவர் சொல்லவில்லை.

மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. மருத்துவர் கஞ்சாவுக்கு எழுதினார். மருத்துவக் காப்புறுதி மறுத்தது. மருத்துவர் மறுபடி எழுதினார். காப்புறுதி மறுபடி மறுத்தது, இம்முறை நல்ல தாளில். மருத்துவர் களைத்துப்போனார். இப்போதுதான் சட்டப்படி வளர்ப்புச் சங்கங்கள் இருக்கின்றனவே, ஒன்றில் சேருங்கள் என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி புஷ்பராணி அடுப்பை நிறுத்தினாள்.

"பேரப்பிள்ளை காணுற வயசில கஞ்சா அடிக்கப் போறியளோ?"

மகள் கஜந்தி உடற்சிகிச்சை நிலையமொன்றில் பயிற்சி பெறுபவள். அவள்தான் திருத்தினாள்.

"கஞ்சா எண்டு சொல்லாதேங்கோ அம்மா. கனபிஸ். இது பதிஞ்ச ஃபெராயின், சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருக்கினம்."

புஷ்பராணிக்கு இது ஓரளவு ஆறுதலாக இருந்தது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் உள்ள இடத்தில் எவரும் எதையும் அனுபவிப்பதில்லை என்பதை அவள் கோவில் நிர்வாகத்தில் பார்த்திருந்தாள்.

"சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"தோட்டக் கிளப் எண்டு சொல்லும்," என்றார் செல்வராசா.

சந்திப்புக்கான டெர்மின் கிடைக்க ஒரு பருவம் போனது. சங்கத்தின் பெயர் கிழக்கு இலை நண்பர்கள். எஸ்-பான் ரயிலில் இருந்து இறங்கி, தொழிற்பேட்டைக்குள் நடந்து, சொன்ன தெருவுக்கு வந்தார். பெயர்ப்பலகை எதுவும் இல்லை. தெருவை இரண்டு தரம் சுற்றினார். பக்கத்துக் கார் ரயர் கடைக்காரர் அவர் கேட்பதற்கு முன்பே ஒரு சாம்பல் கதவைக் காட்டினார். பெயர்ப்பலகை விளம்பரம் ஆகிவிடும், விளம்பரம் குற்றம், அதனால் எல்லோரும் தன்னிடம்தான் வருகிறார்கள் என்றார். அவருடைய குரலில் பெருமையோ கோபமோ இல்லை.

உள்ளே பல் வைத்தியரின் காத்திருப்பு அறை மாதிரி இருந்தது. சுவரில் நுரையீரல் படம், மூளைப் படம், மரத்தில் மோதிய கார் ஒன்றின் படம். இலைப் படம் இல்லை. வாசமும் இல்லை. செடிகள் வேறொரு கட்டடத்தில் வளர்ந்தன. அந்த முகவரி, நம்பிக்கை ஏற்பட்ட உறுப்பினருக்கு மட்டும் தெரிவிக்கப்படும். நம்பிக்கை எப்படி ஏற்படும் என்பது தனியான ஓர் உபகுழுவின் பொறுப்பு.

அவரை அழைத்தவர் திருமதி பிறிங்மன். சங்கத்தின் தடுப்பு அலுவலர். முன்பு நீச்சல் தடாகமொன்றில், பிள்ளைகள் ஓரத்திலிருந்து குதிக்காமல் பார்த்துக்கொண்டவர். ஐந்து துண்டுப்பிரசுரங்களை அவர் முன் விரித்தார். ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும் செல்வராசா தலையாட்ட வேண்டும். ஆட்டினார். பிறகு பிறிங்மன் பேனாவைத் திறந்தார்.

"உங்களுக்குக் கஞ்சா வேண்டுமா?"

செல்வராசா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பார்கள். வேண்டாம் என்பார். மறுபடி கேட்பார்கள். இப்பதான் குடிச்சனான் என்பார். கேட்டவர்கள் அதைக் கணக்கில் எடுக்காமல் தேநீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் குடிப்பார். ஜெர்மனிக்கு வந்து தலை நரைத்தும் இது மாறவில்லை. வேலையிடத்தில் இப்படிப் பல கேக் துண்டுகள் அவரைத் தாண்டிப் போயிருந்தன.

"இல்லை, பரவாயில்லை," என்றார்.

பிறிங்மனின் பேனா நின்றது. மாதத்துக்கு எத்தனை கிராம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். இது இரண்டாவது முறை. உங்களுக்குக் கஷ்டம் இல்லாமல் எவ்வளவு என்றாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றார் செல்வராசா. பிறகு மூன்றாவது முறைக்காகக் காத்திருந்தார்.

ஜெர்மனியில் மூன்றாவது முறை கிடையாது. பிறிங்மன் எழுதிவிட்டார்.

"திரு செல்வராசா," என்றார் பிறிங்மன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கதிரையில் இருந்த எல்லோரும் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். எல்லோரும். நீங்கள்தான் முதலாவது மறுப்பு. கஞ்சா கொடுப்பதற்காக நாங்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம் என்று வெளியில் நினைக்கிறார்கள். கொடுப்பதற்குச் சங்கம் எதற்கு? அதைத் தெருவில் நிற்பவனே செய்வான். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் ஒழுங்கான நிர்வாகம் வேண்டும்."

அவருக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே மாதாந்த உரிமை என்று இருந்தது. பூச்சியம் கிராம். கீழே பச்சை முத்திரை.

வீட்டில் புஷ்பராணி கேட்டாள்.

"தந்தவையோ?"

"அட்டை தந்தவை."

"அதை வைச்சுக்கொண்டு படுங்கோ."

அடுத்த கிழமை திருத்தப் போனார். நான் வேண்டாம் என்றது வேண்டும் என்றுதான், எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி என்று விளக்கினார். பிறிங்மன் அக்கறையோடு கேட்டார். கணினியில் பூச்சியத்தை அழித்து ஐந்து என்று அடித்தார். கணினி சிவப்பானது. பாவனை அதிகரிப்பு வீதத்தைக் கணிக்க முடியவில்லை என்றது. பூச்சியத்திலிருந்து எந்த எண்ணுக்குப் போனாலும் வீதம் முடிவிலி.

பிறிங்மன் ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினார். தரையோடு போய்க்கொண்டிருந்த கோடு ஒரே கிழமையில் நேராக மேலே எழுந்தது.

"இது உங்களுடைய ஆசை. இன்னும் ஒரு கிராம்கூடத் தொடவில்லை, அதற்குள் இப்படி. என் அனுபவத்தில் இவ்வளவு வேகமாக யாரும் விழவில்லை."

அவரை ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள். வட்டமாக இருந்து, கஞ்சா இல்லாத நாட்களை எப்படிச் சமாளிக்கிறோம் என்று பேச வேண்டும். மற்றவர்கள் தங்கள் இளமையைப் பற்றிச் சொன்னார்கள். செல்வராசா, எனக்கு எல்லா நாளும் இல்லாத நாள்தான் என்றார். கைதட்டினார்கள்.

குழுவில் இன்னொரு தமிழர் இருந்தார். நீர்கொழும்பைச் சேர்ந்த அல்பேர்ட், பொதி விநியோக வான் ஓட்டுபவர். முதல் நாள் இருவரும் தெரியாதவர்கள் மாதிரி இருந்தார்கள். இரண்டாம் நாள் கோப்பி இயந்திரத்தடியில் அல்பேர்ட் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணை, உங்களுக்கு முதுகோ?"

"ஓம். உங்களுக்கு?"

"முழங்கால். நாலு மாடி, லிப்ட் இல்லை. எல்லாச் சனமும் தண்ணிப் போத்தலை ஓன்லைன்லதான் வாங்குது."

"நீங்கள் கனகாலமோ இஞ்சை?"

"வருசம் ஒண்டாச்சு. இன்னும் ஒரு இலையைக் கண்ணால காணேல்லை. ஆனா விதி முழுக்கப் பாடம். கேளுங்கோ, சொல்லுறன்."

அல்பேர்ட் சொன்னார். செடிகள் நன்றாக வளர்கின்றன. அறுவடையும் நடக்கிறது. ஆனால் வழங்கும் ஒழுங்குவிதிகளைப் பொதுக்கூட்டம் இன்னும் நிறைவேற்றவில்லை. அதுவரை ஒருவருக்கும் கொடுக்க முடியாது. கொடுக்காததை வைத்திருக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு அறுவடையையும் அழிக்கிறார்கள்.

"அப்ப என்னத்துக்கு வளர்க்கினம்?"

"வளர்ப்புச் சங்கம் அண்ணை. வளர்க்காட்டி அனுமதியைப் பறிச்சுப்போடுவாங்கள்."

உறுப்பினர் ஒவ்வொருவரும் சங்கத்துக்கு உடல் உழைப்புத் தர வேண்டும். அல்பேர்ட்டுக்கு வெளிச்சுவரைக் கழுவும் வேலை. செல்வராசாவுக்கு என்ன கொடுப்பது என்று நிர்வாகம் நீண்ட நேரம் யோசித்தது. கடைசியில் தலைவர் கலாநிதி லூடெக்கே அவரை நேரில் அழைத்தார். லூடெக்கே வரித் திணைக்களத்தில் ஓய்வு பெற்றவர். கஞ்சாவை ஒரு முறையும் தொட்டதில்லை. தொட்டிருந்தால் நலன் முரண்பாடு உண்டாகும் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார்.

அறுவடையை அழிக்கும்போது அருகில் ஒருவர் வேண்டும், அவர் எடுக்கும் எண்ணம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்றார். சங்கத்தில் பூச்சியம் கிராம் உறுப்பினர் ஒருவர்தான். இவ்வளவு காலமும் அந்த இடம் வெற்றிடமாக இருந்தது. இப்போது கடவுள், அல்லது பதிவேடு, செல்வராசாவை அனுப்பியிருக்கிறது.

இப்படித்தான் அவருக்கு மற்றக் கட்டடத்தின் முகவரி கிடைத்தது. கையுறை, முகமூடி, வெள்ளை மேலாடை. ஒரு வாளியில் காய்ந்த பூக்கள். இன்னொரு வாளியில் பக்கத்து உணவகத்திலிருந்து வந்த ஈரக் கோப்பிச் சக்கை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கிளற வேண்டும். யாரும் திரும்பப் பிரிக்க முடியாத அளவுக்குக் கிளற வேண்டும். லூடெக்கே பக்கத்தில் நின்று பார்ப்பார். இன்னும் கொஞ்சம் என்பார்.

செல்வராசா குனிந்து கிளறினார். கம்பி இறங்கியது. கம்பி இறங்கும்போது அவர் நிறுத்தி நிமிர்வார். கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. எத்தனையோ இரவுகளின் நித்திரை அந்த வாளியில் கிடந்தது. அதைக் கோப்பியோடு கலந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டு வாசலில் புஷ்பராணி மூக்கைச் சுளித்தாள்.

"அதைக் குடிச்சிட்டோ வாறியள்?"

"அழிச்சுப்போட்டு வாறன்."

உடுப்பைத் தனியாகத் தோய்க்கப் போட்டாள். பிறகு வந்து அவர் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் கையைப் பாத்துக்கொள்ளுங்கோ. அந்த உருளையை நினைச்சா எனக்கும் நித்திரை வருகுதில்லை."

பொதுக்கூட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. தீயணைப்புத் தொண்டர் சங்கத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விடயம் ஒன்றுதான், வழங்கும் ஒழுங்குவிதிகள். நிறைவேறினால் அடுத்த அறுவடையை உறுப்பினருக்குக் கொடுக்கலாம். கடைசிப் பிரிவின்படி, பூச்சியம் கிராம் உறுப்பினரும் ஆலோசனைக்குப் பிறகு தொடக்க அளவு பெறலாம். அந்தப் பிரிவை அல்பேர்ட்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நிறைவேற, வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அல்பேர்ட் தலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மட்டுமட்டாத்தான் வரும் அண்ணை. வெளியில போயிடாதேங்கோ. கை தூக்கினாக் காணும்."

செல்வராசா மூன்றாவது வரிசையில் இருந்தார். கதிரை மரக்கதிரை. முதல் சில நிமிடங்களிலேயே கம்பி இறங்கியது. எழுந்து நடக்க முடியாது. நடப்பவர் வந்தவராகக் கணக்கில் வருவாரா என்பது விதியில் தெளிவாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

லூடெக்கே விதிகளை முழுமையாக வாசிக்கத் தொடங்கினார். வாசிக்காமல் நிறைவேற்றுவது செல்லாது. அவருடைய குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வழங்கல் என்பது இவ்விதிகளின் நோக்கத்துக்கு, வழங்கும் அறையில், வழங்கும் நேரத்தில், வழங்கும் அலுவலரால் செய்யப்படும் வழங்கலைக் குறிக்கும். வழங்கும் அறை என்பது வழங்கல் நடைபெறும் அறையைக் குறிக்கும். வழங்கல் நடைபெறாத நேரத்தில் அந்த அறை, வழங்கல் நடைபெறாத அறையாகக் கருதப்படும். வழங்கும் அலுவலர் சுகவீனமுற்றால், பதில் வழங்கும் அலுவலர் வழங்குவார். பதில் வழங்கும் அலுவலரும் சுகவீனமுற்றால், வழங்கல் சுகவீனம் தீரும்வரை ஒத்திவைக்கப்படும்.

ஒருவர் எழுந்து, சுகவீனம் என்பதை வரையறுக்க வேண்டும் என்றார். வரையறுத்தார்கள். அந்த வரையறையில் தலையிடி அடங்குமா என்று இன்னொருவர் கேட்டார். அதை உபகுழுவுக்கு அனுப்பினார்கள். லூடெக்கே அடுத்த பிரிவுக்குப் போனார். பொதி நிறமற்றதாக இருக்க வேண்டும். சாம்பல் ஒரு நிறமா என்று கேள்வி வந்தது.

செல்வராசா கம்பியைக் கவனித்துக்கொண்டிருந்தார். அது தொடைவரை வந்திருந்தது. வழக்கமாக அங்கிருந்து முழங்காலுக்கு ஒரே மூச்சில் இறங்கும். எடை பார்க்கும் தராசின் அத்தாட்சி பற்றிய பிரிவில் அது தயங்கியது. அத்தாட்சியின் பிரதியை எங்கே தொங்கவிடுவது என்ற இடத்தில் நின்றது. அதுவும் களைத்திருக்க வேண்டும். பிரதியின் பிரதி பற்றி லூடெக்கே வாசிக்கத் தொடங்கியபோது, அது வந்த வழியே மெல்ல மேலே போவதை அவர் உணர்ந்தார்.

பிறகு அவர் எதையும் உணரவில்லை.

கண் விழித்தபோது மண்டபத்தில் கதிரைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய கதிரை மட்டும் நடுவில் இருந்தது. பக்கத்தில் அல்பேர்ட் தரையில் சம்மணம் கட்டியிருந்தார். மேசையில் லூடெக்கே கூட்டக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். யன்னலில் மாலை வெயில் இருந்தது. செல்வராசாவின் வாயோரம் ஈரமாக இருந்தது. காலை நீட்டினார். மடக்கினார். ஒன்றும் இல்லை.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. தோத்துப்போச்சு. ஒரு வாக்கால."

அது யாருடைய வாக்கு என்று கேட்கத் தேவையில்லை.

"எழுப்பியிருக்கலாமே அல்பேர்ட்."

"எழும்பி வந்தனான். உங்கட தோளில கை வைக்கப் போக, பிறிங்மன் மனிசி தடுத்துப்போட்டா. உறுப்பினரைத் தொட்டு எழுப்புறது வாக்குச் செல்வாக்காம். பேந்து எழுப்பலாமோ எண்டு விவாதம் நடந்தது. எழுப்பினால் அவர் ஆருக்குக் கடமைப்பட்டவராவார் எண்டு ஒரு ஆள் கேட்டான். ஒரு மனிசி, சத்தமாக் கதைச்சால் தானா எழும்புவார் எண்டா. அதுவும் மறைமுகச் செல்வாக்காம். கடைசியில எல்லாரும் மெதுவாக் கதைச்சவை."

"பேந்து?"

"எழுப்புறதைப் பற்றி உபகுழு போட்டிருக்கு. நித்திரை கொள்ளுறவர் வந்தவர்தான், ஆனா கை தூக்காதவர் எண்டு முடிவு. அண்ணை, ஒரு வருசமாச் சுவர் கழுவினனான். எனக்கு உங்களில கோவம் வரோணும். வருகுதில்லை. நீங்கள் குறட்டை விட்டியள். அதைப் பாக்க எனக்குப் பொறாமையாத்தான் இருந்தது."

லூடெக்கே பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். செல்வராசா எழுந்து நின்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். மன்னிப்புக் கேட்க ஜெர்மன் சொற்களைத் தேடினார். லூடெக்கே அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்று நீங்கள் சங்கத்தைக் காப்பாற்றினீர்கள்," என்றார். "நான் தலைவர், பக்கம் சாரக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். வழங்கத் தொடங்கியிருந்தால் வழங்கலில் பிழைகள் வந்திருக்கும். எடை குறைந்தது, பொதி கிழிந்தது, ஆள் மாறியது. மேலிடத்து அலுவலகம் போன வருடம் எல்லாச் சங்கங்களையும் சோதித்தது. ஒரு முறைப்பாடும் இல்லாத சங்கம் எங்களுடையது ஒன்றுதான். எங்களுடைய ஒழுங்கைப் பாராட்டிக் கடிதம் வந்தது. அந்தப் பெயரை ஓரிரு பேருடைய கால் வலிக்காகக் கெடுக்கலாமா?"

கெடுக்கக் கூடாது என்றார் செல்வராசா. இம்முறை அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை. இப்போது வலி இல்லாததால், அது வேறு யாருடையதோ கால் போல இருந்தது.

களஞ்சியத்தில் உள்ள அறுவடையைத் திங்கட்கிழமை அழிக்க வேண்டும், வர முடியுமா என்று லூடெக்கே கேட்டார். முடியும் என்றார். பிறகு, அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று செல்வராசா கேட்டார்.

வருடத்துக்கு ஒன்றுதான் என்றார் லூடெக்கே. உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டால் அவசரக் கூட்டம் கூட்டலாம். அது அவர்களுடைய உரிமை. அப்படி எத்தனை தடவையும் கூட்டலாம். வழங்கும் விதிகளை மறுபடி வாக்கெடுப்புக்கு விடும் எண்ணமா என்று அவர் சந்தேகத்தோடு பார்த்தார்.

செல்வராசா அல்பேர்ட்டைப் பார்த்தார்.

"அல்பேர்ட், எங்களுக்கு ஆக்கள் பிடிக்க ஏலுமோ?"

"முதுகு, முழங்கால், கழுத்து எல்லாம் இருக்கு. பிடிக்கலாம். ஆனா அண்ணை, உந்த விதி இனிப் பாஸாகாது."

"பாஸாகத் தேவையில்லை."

அல்பேர்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவில் தனியாக நின்ற மரக்கதிரையைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

லூடெக்கே குறிப்பேட்டை மறுபடி திறந்தார். கூட்டத்துக்கான விடயம் எதுவென்று எழுத வேண்டும் என்றார்.

"எதுவானாலும் சரி," என்றார் செல்வராசா. "நீளமாக இருக்க வேண்டும். நீங்களே வாசிக்க வேண்டும்."

லூடெக்கேயின் முகம் சிவந்தது. வரித் திணைக்களத்தில் இருந்த காலத்திலும் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.